பகலே போ

அந்த இடத்தில் மேடம் மூச்சு எடுத்திருக்கக் கூடாது.

பாடகி போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து மறுபடி ஓட்டிப் பார்த்தாள். சத்தம் இல்லாத வீடியோ. மேடம் ஒரு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, மடியில் ஒரு குழந்தையின் தலையை வைத்துக்கொண்டு ஒரு பாட்டுக்கு வாயசைக்கிறார். இரண்டாவது வரி முடிவதற்கு முன்னால், ஒரு சொல்லின் நடுவில், கழுத்துக்குக் கீழே இருக்கிற அந்தக் குழி லேசாக உள்ளே போய் வெளியே வருகிறது. திருட்டு மூச்சு. பாடத் தெரிந்தவர்கள் யாரும் சொல்லின் நடுவில் மூச்சு எடுக்க மாட்டார்கள். பாடகி எடுப்பாள். சின்ன வயதில் நெஞ்சுச் சளி வந்து விட்டுப்போன பழக்கம். ரெக்கார்டிங் முடிந்ததும் சவுண்ட் இன்ஜினியர் முதல் வேலையாக அதைத்தான் வெட்டி எறிவான். வெளியே போகிற பாட்டில் அது இருக்கவே இருக்காது.

அப்படியென்றால் மேடத்துக்கு அது எப்படித் தெரியும்? அதுவும் போகட்டும். இந்தப் பாட்டைப் பாடகி இன்னும் பாடவே இல்லையே.

முறைப்படி பாட்டு முதலில், வாய் பிறகு. பாடகி பாடி முடித்து வீட்டுக்குப் போய்க் குழம்பு வைத்துவிடுவாள், மேடம் அந்தப் பாட்டை ஓடவிட்டு நடித்துக்கொண்டிருப்பார். மேடம் கதாநாயகியாக வந்த முதல் படத்திலிருந்து இப்படித்தான். ஆனால் இந்த முறை பாடகிக்குக் காய்ச்சல், ஷூட்டிங்கைத் தள்ளிப்போட முடியவில்லை. இசையமைப்பாளரே தன் ஆட்டுக்குரலில் தற்காலிகமாக ஒரு டம்மி பாடிக் கொடுக்க, அதற்கு மேடம் வாயசைத்தார். செட்டே விழுந்து விழுந்து சிரித்ததாம், மேடம் மட்டும் சிரிக்கவில்லையாம். அதற்கடுத்த வாரம் தூங்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. இப்போது வாய் ரெடி. குரல் மட்டும்தான் பாக்கி.

செய்தி வந்தபோது பாடகிக்கு அழுகை வரவில்லை. கீழுதடு மரத்துப்போனது, அவ்வளவுதான். பல் டாக்டர் ஊசி போட்டது மாதிரி. இறுதிச் சடங்கில் ஒரு நிருபர் மைக்கை நீட்டி, "உங்க முகமே போயிடுச்சே, எப்படி ஃபீல் பண்றீங்க?" என்று கேட்டபோதும் அந்த உதட்டைத்தான் தடவிக்கொண்டு நின்றாள். பைத்தியக்காரன், கேட்கிறான் பார் கேள்வி. என்ன பதில் சொன்னோம் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை. அன்றைக்கு விட்டுப்போன உணர்ச்சி இன்னும் உதட்டுக்குத் திரும்பவில்லை.

போனுக்கும் அவள் முகத்துக்கும் நடுவில் ஒரு சின்னத் தலை நுழைந்தது. மைனா. மகளுக்குக் காது கேட்காது என்று தெரிவதற்கு முன்னால் வைத்த செல்லப்பெயர். தெரிந்த பிறகு மாற்ற மனசு வரவில்லை.

மைனா பேசுவது பாதி வாயால், பாதி கையால். மற்றவர்கள் பேசுவதை உதட்டில் படிப்பாள், கெட்டிக்காரி. ஒரே ஒரு சிக்கல், உதட்டுக்கு 'ப'வும் 'ம'வும் ஒன்றுதான். இரண்டுக்கும் வாய் ஒரே மாதிரி மூடித் திறக்கும். "உங்க அம்மா என்ன வேலை செய்றாங்க?" என்று பள்ளிக்கூடத்தில் கேட்டதற்கு, 'பாடு' என்பதை 'மாடு' என்று படித்து வைத்திருந்தவள், மாடு வளர்ப்பதாகச் சொல்லிவிட்டு வந்தாள். அம்மாவும் அப்பாவும்கூட அவளுக்கு ஒரே உதடுதான். கப்பலில் வேலை பார்க்கிற அப்பா வருஷத்துக்கு ஒருமுறை வருகிறவர் என்பதால் பெரிய குழப்பம் வந்ததில்லை. இருந்தாலும் அம்மாவுக்கென்று தனிச் சைகை ஒன்று வைத்திருந்தாள். இரண்டு விரலைத் தொண்டைக்குழியில் வைத்தால் அம்மா. தினமும் படுக்கப் போகும்போது அங்கேதான் உள்ளங்கையை வைத்துக்கொள்வாள், பாடகி பாடுவாள், அந்த அதிர்வில் பிள்ளை தூங்கிவிடும்.

டிவியில் மேடம் பாட ஆரம்பித்தாலும் மைனா ஓடிப்போய் ஸ்பீக்கரில் கையை வைப்பாள். "அம்மா!" என்று தொண்டையைத் தொட்டுக் காட்டுவாள். பாடகிதான் அப்படிச் சொல்லிக்கொடுத்தாள். இது அம்மா பாடுறது, இது அம்மா குரல். பிள்ளைக்கு எப்படி விளங்கியதோ, அவள் கணக்கில் வீட்டு அம்மா ஒன்று, டிவி அம்மா ஒன்று. கூடவே இருக்கிற பாடகியின் தங்கச்சி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

இப்போது மைனா போனை உற்றுப் பார்த்தாள். மேடத்தின் உதடு மூடித் திறந்தது.

"மகளே போ," என்று படித்தாள் மைனா.

"மகளே இல்லடி. பகலே. பகலே போ, இருளுக்குள் போ. குழந்தையைத் தூங்க வைக்கிற பாட்டு." பாடகி ஜன்னலைக் காட்டி, சூரியன் இறங்குவதைக் கையால் செய்து காட்டினாள்.

மைனா பிடிவாதமாகத் தலையாட்டினாள். "இல்ல. மகளே." பிறகு தன் நெஞ்சைத் தொட்டாள். "என்னையா?"

"உன்னை இல்ல. கிளம்பு, ஸ்கூலுக்கு நேரமாச்சு."

மைனா பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். அது அவள் வழக்கம். ரோட்டில் ஹாரன் கேட்காத பிள்ளை என்பதால் அப்படிப் பழக்கியிருந்தார்கள். எந்த வாசலைத் தாண்டுவதானாலும் நின்று, திரும்பி, அம்மாவின் வாயைப் பார்க்க வேண்டும். போ என்றால் போக வேண்டும்.

"போ," என்றாள் பாடகி.

மைனா போனாள்.

*

ஸ்டூடியோவில் பகல் என்றும் ராத்திரி என்றும் ஒன்று கிடையாது. ஜன்னல் இல்லாத அறை, சுவரெல்லாம் பஞ்சு, பழைய கார்ப்பெட்டும் பல பேருடைய வியர்வையும் சேர்ந்த ஒரு நாற்றம். பாடும்போது ஏசியை அணைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு நம் உடம்புக்குள் ஓடுகிற சத்தம் நமக்கே கேட்க ஆரம்பிக்கும், எச்சில் இறங்குவதும் கண்ணிமை அடிப்பதும் உட்பட. பாடகிக்கு இது பழகிய அறைதான். ஹெட்போனை மாட்டிக்கொண்டால் நிம்மதியாக இருக்கும். இன்றைக்கு மைக்குக்குப் பக்கத்தில் ஒரு டிவியை வைத்திருந்தார்கள், அதில் மேடத்தின் முகம் மட்டும் பெரிதாக நின்றுகொண்டிருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர். மூச்சை வெட்டுகிறவன் என்பதால் எல்லாருக்கும் அவன் கத்தரி.

"அக்கா, ரெடியா? இத்தனை நாள் உங்க குரலுக்கு அவங்க வாயசைச்சாங்க. இன்னைக்கு ஒரு நாள் அவங்க வாய்க்கு நீங்க குரல் குடுங்க, கணக்கு நேராயிடும்."

இசை ஓடியது. மேடத்தின் உதடு பிரிந்தது. பாடகி வாயைத் திறந்தாள்.

பகலே போ.

நன்றாகத்தான் வந்தது. ஆனால் அவள் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னாள்.

"என்னக்கா?"

"ஹெட்போன்ல என் குரல் சரியா வரல தம்பி."

"லேட்டா வருதா? இருங்க, பார்க்கறேன்."

"லேட் இல்ல. முன்னாடி வருது. நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே கேக்குது."

கத்தரி சிரித்தான். "லேட்டா வர்றதுக்குத்தான் மெஷின் இருக்கு. முன்னாடி வர்றதுக்கு இன்னும் ஒருத்தனும் கண்டுபிடிக்கல. தண்ணி குடிங்க."

குடித்தாள். தண்ணீர் மரத்த உதட்டின் வழியாக வழிந்து தாடையில் இறங்கியதே தெரியவில்லை, கார்ப்பெட்டில் சொட்டிய பிறகுதான் பார்த்தாள். மறுபடி இசை. மறுபடி அதேதான். முதலில் காதில் குரல், அதன் பிறகு அவள் வாய். தன் குரலுக்குப் பின்னால் தானே ஓடுவது மாதிரி ஒரு ஓட்டம். விட்டுவிட்டால் அது நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும் என்று தோன்றியது. பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பயமோ எங்கேயோ பக்கத்து வீட்டில் அடிக்கிற போன் மாதிரி தூரத்தில் கிடந்தது.

மேடம் ஒருமுறை இதே அறைக்கு வந்திருந்தார். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பாடகியையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் டீ குடிக்கப் போனதும் எழுந்து வந்து, கேட்காமல் கொள்ளாமல், பாடகியின் தொண்டையில் கையை வைத்தார். குளிர்ந்த விரல்.

"இங்கதான் இருக்கா?" என்றார்.

பாடகி ஹெட்போனைக் கழற்றினாள்.

"உங்க பொண்ணு டிவியைத் தொட்டு என்னை அம்மான்னு சொல்லுவாளாமே. கேள்விப்பட்டேன். எனக்கு அப்படிச் சொல்ல ஆளே இல்ல." சிரித்தார். கையை மட்டும் எடுக்கவில்லை. டீ குடிக்கப் போனவர்கள் கதவைத் திறந்துகொண்டு வந்த பிறகுதான் எடுத்தார்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா?" கத்தரியின் குரல். "இன்னைக்கு என்ன, ரெண்டு ரெண்டு மூச்சா எடுக்கறீங்க?"

"ஒண்ணுதானே எடுத்தேன்."

"ரெண்டு இருக்கு. ஒண்ணு உங்க வழக்கமான திருட்டு மூச்சு. இன்னொண்ணு அதே இடத்துல, மைக்கை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்னு எடுத்த மாதிரி. கேளுங்க."

இசை இல்லாமல், பாட்டு இல்லாமல், அதை மட்டும் ஓட்டினான்.

யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். இழுத்துக்கொண்டே இருந்தார்கள். வெளியே விடவே இல்லை.

"ஏசியா இருக்கும்," என்றான் கத்தரி, தனக்கே சொல்லிக்கொள்வது போல. ஏசி அணைந்துதான் இருந்தது. "ஒண்ணை வெட்டிடறேன்."

மௌஸைத் தட்டினான். பாடகியின் விலா எலும்புக்குள் எதுவோ அறுந்தது. வலிக்கவில்லை. அடுத்த டேக்கில் அந்தச் சொல்லின் நடுவில் மூச்சு எடுக்கப் போனாள், அங்கே எடுக்க ஒன்றும் இல்லை. நெஞ்சு விரியவே இல்லை. வரி மட்டும் அறாமல் நீண்டு போனது.

"அடேங்கப்பா!" என்றான் கத்தரி. "மூச்சே இல்லாம பாடிட்டீங்க! இத்தனை வருஷத்துல இப்பதான் உங்களுக்கு நான் தேவைப்படல."

எதை வெட்டினாய், எதை விட்டாய் என்று கேட்க நினைத்தாள். அதற்குள் கடைசிச் சரணம் வந்துவிட்டது.

மேடம் அந்தச் சரணத்தில் கேமராவை நேராகப் பார்ப்பார். காலையிலிருந்து போனில் பார்த்துப் பார்த்து மனப்பாடம். பார்ப்பார், உதடு பிரியும், பாடுவார்.

இப்போது பார்த்தார். உதடு பிரியவில்லை.

மூடிய வாயோடு மேடம் பாடகியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் மூடியிருந்தது, தொண்டைக்குழி மட்டும் அதிர்ந்துகொண்டிருந்தது.

ஹெட்போனில் பாட்டு நிறைந்தது. பாடகியின் குரல்தான், அப்பழுக்கில்லாமல். அவள் வாயும் அசைந்துகொண்டிருந்தது. தன் தொண்டையில் கை வைத்துப் பார்த்தாள்.

தொண்டை சும்மா இருந்தது. பாட்டு நின்ற பிறகுதான் வாயும் நின்றது.

"ஓகே! போதும்கா, இதுக்கு மேல வேண்டாம்." கத்தரி எழுந்து நின்று கை தட்டினான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

தம்பி, நான் பாடல.

சொன்னாள். உதடு சொன்னது. சத்தம் வரவில்லை.

"அழாதீங்கக்கா," என்றான் கத்தரி. "அவங்களே வந்து பாடின மாதிரி இருந்துச்சு."

டிவியில் படம் நின்றிருந்தது. மேடத்தின் முகம் இருந்த இடத்தில் கட்டிலின் ஓரம் மட்டும் இருந்தது.

*

வீட்டுக்கு வந்தபோது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. தங்கச்சி ஷூ போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பத் தயாராக நின்றாள். மருந்துக்கடையில் அவளுக்கு சாயங்கால ஷிஃப்ட்.

"பிள்ளை சாப்பிட்டாச்சு, ஹோம்வொர்க் செய்ய மாட்டேங்கறா. உன் பொண்ணுதானே." முகத்தைப் பார்த்தாள். "என்ன, தொண்டை கட்டிக்கிச்சா?"

பாடகி அவள் கையைப் பிடித்தாள். போகாதே என்றாள். காற்றுகூட வரவில்லை.

"ஐயோ, பேசாதே. வெந்நீர் குடி, உப்புப் போட்டுக் கொப்புளி. ஒரு ராத்திரி நீ வாயை மூடிட்டு இருந்தா வீட்டுக்கே நிம்மதி." கையைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள்.

கொப்புளித்தாள். தண்ணீர் தொண்டை வரைக்கும் போனதா இல்லையா என்று தெரியவில்லை. உதட்டில் இருந்த மரப்பு கழுத்துக்கு இறங்கி, நெஞ்சுக்கு இறங்கி, இப்போது முழங்கால் வரைக்கும் வந்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தாள். டிவி அணைந்திருந்தது. ஜன்னல் வழியாக வந்த வெளிச்சம் தரையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டிருந்தது. படுக்கையறைக் கதவு பாதி திறந்திருக்க, உள்ளே இருட்டிவிட்டது.

மைனா வந்து மடியில் ஏறினாள். வழக்கம்போல உள்ளங்கையைத் தொண்டையில் வைத்தாள். காத்திருந்தாள்.

"மாடு," என்றாள். பாடு.

பாடகி முயற்சி செய்தாள். கண்ணில் நீர் வரும் அளவுக்கு முயற்சி செய்தாள்.

மைனா கையை எடுத்து உதறிவிட்டு மறுபடி வைத்தாள். அழுத்தினாள். "ரிப்பேரா?" என்று கேட்டாள். சிரிப்பு பாதியில் நின்றது. அந்தச் சின்ன முகத்தில் பாடகி இதுவரை பார்க்காத ஒன்று வந்தது. தெரியாத வீட்டுக் கதவைத் தட்டிவிட்ட பிள்ளையின் முகம்.

"அம்மா இல்ல," என்றாள் மைனா.

பாடகி மகளின் கையைப் பிடித்துத் தன் தொண்டையில் வைத்து வைத்து அழுத்தினாள். நான்தான். நான்தாண்டி. கண்ணே, என்னைப் பாருடி.

மைனா பார்க்கவில்லை. மடியிலிருந்து இறங்கி நின்றாள். குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தாள். தரையில் ஏதோ அவளுக்குத் தெரிந்தது. லாரி போனால் தெரியும், பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடினால் தெரியும். எல்லாவற்றையும் அவள் காலால்தான் கேட்பாள்.

நிமிர்ந்தாள். முகம் மலர்ந்தது. படுக்கையறையைக் காட்டினாள். இரண்டு விரலைத் தன் தொண்டைக்குழியில் வைத்தாள்.

"அம்மா."

அதன் பிறகுதான் பாடகிக்கும் கேட்டது.

அவளுடைய குரல். இருட்டுக்குள்ளிருந்து. மெதுவாக, தாலாட்டுகிற பதத்தில். எங்கேயும் மூச்சு எடுக்காத குரல்.

எழுந்திருக்க வேண்டும். கால் மரக்கட்டை. கை மரக்கட்டை. பயம் இப்போதுதான் வந்தது, மொத்தமாக வந்தது, வந்து உட்கார உடம்பில் ஒரு இடம் இல்லை.

உடம்பில் ஒன்று மட்டும் அசைந்தது. வாய். அவள் அசைக்கவில்லை.

மைனா நடந்தாள். மேசையைத் தாண்டினாள். தரையில் கிடந்த பென்சிலைத் தாண்டினாள். படுக்கையறை வாசலுக்கு வந்து கையை உயர்த்தினாள். உயரமாக, ஒரு பெரிய ஆளின் கழுத்து உயரத்துக்கு, நுனிக்காலில் எம்பி.

கை காற்றில் நின்றது. எதன் மேலோ படிந்து நின்றது. உள்ளங்கை மெல்ல அதிர்ந்தது.

மைனா சிரித்தாள்.

இருட்டுக்குள்ளிருந்து விரல்கள் வந்து அந்தச் சின்னக் கையை மூடிக்கொண்டன. நீளமான விரல்கள்.

போகாதே. வா. இங்கே வா. வந்துடு. வா, வா, வா.

வாசல். மைனா நின்றாள். பழக்கம் தப்பவில்லை. திரும்பினாள், நாற்காலியில் இருந்தவளின் வாயைப் பார்த்தாள். போகட்டுமா?

உள்ளே பாட்டு முதல் வரிக்கு வந்திருந்தது.

பாடகியின் உதடு மூடியது. திறந்தது. பகலே போ. நிறுத்தப் பார்த்தாள். பல்லால் கடிக்கப் பார்த்தாள். பகலே போ. இருளுக்குள் போ.

மைனா கவனமாகப் படித்தாள். காலையில் படித்த அதே சொல். இரண்டு அம்மாவும் ஒன்றையே சொல்கிறார்கள்.

"சரி," என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

கதவு சாத்திக்கொண்டது. தரையில் வெளிச்சம் இல்லை. நாற்காலியில் பாடகியின் வாய் அடுத்த வரிக்குப் போனது, அதற்கடுத்த வரிக்குப் போனது, ஒரு எழுத்துக்கூடத் தப்பாமல்.